கனவுப் பாடத்தின் நடுவே ஒரு சிவப்புக் கோடு: உளவியல் பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் உள்ள ஒரு கல்லூரியில் 11 ஆண்டுகளாக இளங்கலை உளவியல் மாணவர்களுக்குப் பாடம் நடத்திவரும் கௌரவ விரிவுரையாளர் நான். பாடத்திட்டத்தைத் திருத்தும் பணி தொடங்கவிருப்பதாக அறிந்து, அதன் ஒரு சிறு பகுதியைப் பற்றி மட்டும் இதை எழுதுகிறேன். கனவைப் பற்றிய கோட்பாடுகள் இப்போது நனவுநிலைகள் என்னும் அலகில், உறக்கத்துக்கும் அறிதுயிலுக்கும் (ஹிப்னாசிஸ்) நடுவே, மூன்று வகுப்பு நேரத்துக்குள் முடித்தாக வேண்டிய பகுதியாக இருக்கின்றன. ஃப்ராய்டு, யுங், ஹாப்சன் என்று மூன்று கோட்பாட்டாளரின் பெயர்கள், பெயருக்கு ஒரு பத்தி, பத்து மதிப்பெண்ணுக்கு ஒரு வினா. நேரம் கூட்டித் தாருங்கள் என்று கேட்பதற்கு முன், இருக்கும் நேரத்தில் நாம் எதைக் கற்பிக்கிறோம் என்பதைத் தங்கள் பார்வைக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

சென்ற ஆண்டுப் பருவத் தேர்வின் ஒரு மதிப்பெண் வினாக்களுள் ஒன்று, 'கனவுகள் ரெம் உறக்கத்தில் மட்டுமே தோன்றுகின்றன: சரியா, தவறா?' என்பது. மூடிய இமைக்குள் விழிகள் விரைந்தோடும் உறக்க நிலையே ரெம். என் மாணவி ஒருத்தி தவறு என்று எழுதினாள். விடைக்குறிப்பு சரி என்றது, மதிப்பெண் போயிற்று. விடைத்தாள் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, "மிஸ், நீங்க வகுப்புல சொன்னதத்தானே எழுதினேன்?" என்று அவள் கேட்டபோது, நீ எழுதியதுதான் சரி என்பதற்கு மேல் என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை. அவள் அழவும் இல்லை, சண்டைக்கு நிற்கவும் இல்லை. அடுத்த பருவத்திலிருந்து தன் குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் நான் சொல்வதையும் வலப்பக்கம் 'பரீட்சைக்கு' என்று தலைப்பிட்டு எழுத வேண்டியதையும் தனித்தனியே எழுதத் தொடங்கினாள். அடிக்கோல் வைத்து அவள் நடுவே போட்டிருந்த அந்தச் சிவப்புக் கோடுதான் இம்மடலுக்குக் காரணம்.

விடைக்குறிப்பில் இருந்த அந்த ஒரு வரி எப்படிப் பிறந்தது, எப்படிச் சாய்ந்தது என்பதே ஒரு முழுப் பாடம். 1951-ஆம் ஆண்டின் இறுதியில் சிகாகோ பல்கலைக்கழகத்து ஆய்வு மாணவர் யூஜீன் அசெரின்ஸ்கி, ஒதுக்கிப் போட்டிருந்த ஒரு பழைய பதிவுக் கருவியைச் சரிசெய்து, தம் எட்டு வயது மகனின் கண்ணோரத்தில் மின்முனைகளை ஒட்டி, அவன் உறங்குவதை இரவில் உட்கார்ந்து பார்த்தார். மூடிய இமைக்குள் பிள்ளையின் விழிகள் விரைந்தோடுவதைக் கருவியின் முள் வரைந்து காட்டியபோது, கருவிதான் பழுதோ என்று ஐயப்பட்டார். அவரும் அவருடைய ஆசிரியர் நதானியேல் கிளைட்மேனும் 1953-இல் அதை வெளியிட்டார்கள். 1957-இல் வில்லியம் டிமென்ட்டும் கிளைட்மேனும் எண்ணிக்கை தந்தார்கள். விழி விரைந்தோடும் ரெம் உறக்கத்திலிருந்து 191 முறை எழுப்பியதில் 152 முறை கனவு நினைவிருந்தது. மற்ற உறக்கத்திலிருந்து 160 முறை எழுப்பியதில் 11 முறைதான் நினைவிருந்தது. இந்த எண்களைப் பார்க்கும் எவரும் ரெம் என்றால் கனவு, கனவு என்றால் ரெம் என்றுதான் முடிவு கட்டுவார்கள். கட்டினார்கள். பிறகு 1962-இல் டேவிட் ஃபோல்க்ஸ் செய்தது ஒன்றே ஒன்றுதான்: கேள்வியை மாற்றினார். கனவு கண்டீர்களா என்று கேட்காமல், எழுப்புவதற்கு முன் மனத்தில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று கேட்டார். இதுவரை ஒன்றுமில்லை என்று விடை வந்த உறக்க நிலைகளிலிருந்தும் காட்சிகளும் எண்ணங்களும் வரத் தொடங்கின.

தமிழில் இதைக் கற்பிப்பது மிக எளிது. வகுப்பில் காலை முதல் நேரத்தில் "நேத்து கனா கண்டீங்களா?" என்று கேட்டால் நாலைந்து கைகள்தாம் உயரும். எங்கள் பிள்ளைகளுக்குக் கனா என்றால் அதில் யாராவது வர வேண்டும், ஏதாவது நடக்க வேண்டும், பலன் கேட்கும்படி இருக்க வேண்டும். "முழிப்பு வந்தப்போ மனசுல என்ன ஓடுச்சு?" என்று கேட்டால் பஸ் பாஸ் புதுப்பிக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன், குழாயடியில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன் என்று வகுப்பே பேசத் தொடங்குகிறது. ஆய்வில் கேட்கும் கேள்வி விடையை எப்படி உண்டாக்குகிறது என்பதை ஆய்வு முறையியல் தாளில் ஒரு பருவம் முழுக்கச் சொல்லியும் புரியாத பிள்ளைகளுக்கு, இந்த இரண்டு கேள்விகள் பத்து நிமிடத்தில் புரியவைத்துவிடுகின்றன.

நான் நான்கு ஆண்டுகளாக, மதிப்பெண் எதுவும் இல்லாமல், விருப்பமுள்ள மாணவர்களை மட்டும் ஒரு மாதம் கனவுக் குறிப்பேடு எழுதச் சொல்லி வருகிறேன். பாம்பன் பக்கத்து நாட்டுப்படகு மீனவர் ஒருவரின் மகள் எழுதிய குறிப்பேட்டை, அவளுடைய ஒப்புதலோடு, இங்கே சொல்கிறேன். சில நாட்களில் ஒரு பக்கம் நிறையக் கனவு. சில நாட்களில் 'கனவு இல்லை' என்ற இரண்டே சொற்கள். எந்த ஒழுங்கும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளே கண்டுபிடித்தாள். அப்பா கடலுக்குப் போகும் நாட்களில் இரவு மூன்றரை மணிக்கு அம்மா அவளை எழுப்புவாள். அவள் அடுப்பைப் பற்றவைத்துத் தேநீர் போட்டு பிளாஸ்கில் ஊற்றுவாள், தூக்குச் சட்டியில் சோறு கட்டுவாள், தண்ணீர்க் கேனை நிரப்பி வாசலில் வைப்பாள். அப்பா போனதும் அடுப்படியிலேயே உட்கார்ந்து குறிப்பேட்டை எழுதிவிட்டு மீண்டும் படுப்பாள். காற்று கடுமையாக இருந்து படகு கரையில் நிற்கும் நாட்களில் ஆறரை மணிவரை உறங்குவாள். அந்த நாட்களில்தான் 'கனவு இல்லை'. கனவு இல்லாமல் போகவில்லை, எழுப்புவார் இல்லாமல் போயிற்று என்று அவள் பக்க ஓரத்தில் எழுதியிருந்தாள். ஒருத்தியின் குறிப்பேடு ஆராய்ச்சி ஆகாது என்பது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனால் கனவு காண்பதும் கனவை நினைவில் கொண்டுவருவதும் வெவ்வேறு என்ற வேறுபாட்டை எந்தப் பாடநூலும் அவளுக்கு இவ்வளவு தெளிவாகக் கற்றுத் தந்திருக்காது.

விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று நம் ஊர்களில் சொல்வார்கள். முதல் சாமத்துக் கனவு பலிக்க ஓர் ஆண்டு ஆகும், கடைசிச் சாமத்துக் கனவு சில நாட்களிலேயே பலிக்கும் என்று கணக்கு வைத்திருக்கும் பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். இதைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போவது எளிது. நான் கரும்பலகையில் ஓர் இரவின் உறக்கத்தை வரைந்து காட்டுவேன். உறங்கத் தொடங்கி ஏறத்தாழ 90 நிமிடம் கழித்து வரும் முதல் ரெம் பகுதி சில நிமிடங்களில் முடிந்துவிடும். இரவு செல்லச் செல்ல அது நீண்டு, விடியலுக்கு முந்தையது அரை மணி நேரத்தையும் எட்டும். விடியற்காலைக் கனவு நீளமாகவும் நிறத்தோடும் நினைவில் நிற்பதன் காரணம் அந்தப் படத்திலேயே இருக்கிறது. பலிப்பதை அந்தப் படம் சொல்லாது. பாட்டி கவனித்தது சரி, அவர் சொன்ன விளக்கம் வேறு என்று பிரித்துப் பார்க்க ஒரு மாணவர் பழகிவிட்டால், ஃப்ராய்டை வாசிக்கும்போதும் அதே கத்தியை எடுப்பார்.

எடுக்கத்தான் வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் கனவுப் பாடத்தின் முதல் நாளில் யாராவது ஒருவர் எழுந்து, "மிஸ், பாம்பு வந்தா என்ன பலன்?" என்று கேட்காமல் இருந்ததில்லை. பஞ்சாங்கத்தின் பின்பக்கத்தில் உள்ள கனவுப் பலன் பட்டியல் அவர்கள் மனத்தில் இருக்கிறது. நம் பாடப்பகுதி செய்வதெல்லாம் அந்தப் பட்டியலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஃப்ராய்டின் குறியீட்டுப் பட்டியலை வைப்பதுதான். 1895 ஜூலையில் தாம் கண்ட ஒரு கனவை, தம் நோயாளி ஒருவரைப் பற்றிய அந்தப் புகழ்பெற்ற கனவை, வரி வரியாகப் பிரித்துத் தம் முறையை ஃப்ராய்டு விளக்கினார். 'கனவுகளின் விளக்கம்' என்னும் அந்த நூல் 1899 நவம்பரில் 1900 என்று ஆண்டு அச்சிடப்பட்டு வெளிவந்தது, அச்சான 600 படிகள் விற்க எட்டு ஆண்டுகள் ஆயின. கனவு கண்டவருக்கு அந்தக் காட்சியோடு என்னென்ன நினைவுகள் தொடர்ந்து வருகின்றன என்று கேட்காமல் பொருள் சொல்லக்கூடாது என்பதே அந்த முறையின் உயிர். குறியீடுகளைப் பற்றிய பகுதி பிற்பதிப்புகளில்தான் வளர்ந்தது. நம் மாணவர்களுக்கு வந்து சேர்வது உயிர் போன உடல் மட்டும். வெளிப்படை உள்ளடக்கம், மறை உள்ளடக்கம், செறிவாக்கம், இடப்பெயர்ச்சி என்று நான்கு சொற்களை எழுதினால் எட்டு மதிப்பெண். கனவின் மறைபொருள் இதுதான் என்று ஒருவர் சொன்னால் அது தவறு என்று காட்ட எந்த வழியும் இல்லாத ஒரு கோட்பாட்டை எப்படிச் சோதிப்பது என்ற கேள்வி எந்த அலகிலும் இல்லை.

ஃப்ராய்டு தாமே பின்வாங்கிய இடமும் நம் பாடத்தில் இல்லை. எல்லாக் கனவும் விருப்ப நிறைவே என்று தொடங்கியவர், முதல் உலகப் போரிலிருந்து திரும்பியவர்கள் போர்க்களத்தையே மீண்டும் மீண்டும் கனவில் கண்டு அலறுவதைப் பார்த்து, 1920-இல் அந்த விதிக்கு இவை அடங்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். எங்கள் கரையில் இதற்கு ஐரோப்பியப் போர்வீரரைத் தேட வேண்டியதில்லை. 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயலில் தனுஷ்கோடியிலிருந்து சிறுமியாகத் தப்பித்த ஒரு பாட்டி, கதவின் அடியிலிருந்து தண்ணீர் வருவதாகவும் கதவைத் திறக்க முடியாமல் நிற்பதாகவும் இன்றும் கனவு காண்கிறார் என்று அவருடைய பேரன் வகுப்பில் சொன்னான். அவர் எதை விரும்பி அந்தக் கனவைக் காண்கிறார் என்று அவன் என்னைக் கேட்டான். பாடநூலில் விடை இல்லை. திரும்பத் திரும்ப வரும் கொடுங்கனவை, பகலில் விழித்திருக்கும்போது எழுதி, அதன் போக்கை நாம் விரும்பியபடி மாற்றி, மாற்றிய கனவை நாள்தோறும் சில நிமிடம் மனத்தில் ஓட்டிப் பார்க்கச் செய்யும் சிகிச்சை முறை ஒன்று இருக்கிறது. ஆய்வுகளில் பயன் கண்ட முறை. அதுவும் பாடநூலில் இல்லை.

இங்கே ஒரு சிறு விலகல். விருப்ப நிறைவைச் சொல்லும்போது திருக்குறளின் 122-ஆம் அதிகாரத்தை நான் துணைக்கு அழைப்பதுண்டு. நனவில் வந்து அன்பு காட்டாதவரைக் கனவில் காண்பதால்தான் உயிர் தரித்திருக்கிறேன் என்று சொல்லும் தலைவியைக் காட்டினால், வகுப்புக்கு உடனே விளங்கிவிடுகிறது. ஆனால் ஃப்ராய்டு சொன்னதை வள்ளுவர் அன்றே சொல்லிவிட்டார் என்று யாராவது விடைத்தாளில் எழுதினால் நான் மதிப்பெண் தருவதில்லை. பிரிந்திருப்பவளின் ஏக்கத்தைப் பாடுவது வேறு, எல்லா மனிதரின் எல்லாக் கனவுக்கும் காரணம் கூறுவது வேறு. புதிய பாடத்திட்டத்தில் இந்திய அறிவு மரபு என்ற தலைப்பில் இந்த அதிகாரம் சேர்க்கப்படுமானால், இந்த எச்சரிக்கையோடு சேர்க்கப்பட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

யுங்கைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. அவர் இருக்கலாம், ஒரு பத்தியில். ஹாப்சனை ஒரு பத்தியில் முடிப்பதுதான் பொறுக்க முடியாதது. ஆலன் ஹாப்சனும் ராபர்ட் மெக்கார்லியும் 1977-இல் சொன்னது, ரெம் உறக்கத்தின்போது மூளைத்தண்டிலிருந்து கிளம்பும் ஒழுங்கற்ற தூண்டல்களை முன்மூளை தன்னால் முடிந்தவரை ஒரு கதையாகக் கோத்துக்கொள்கிறது, அதுவே கனவு என்பது. நம் பாடம் இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. 1997-இல் மார்க் சோம்ஸ், மூளையில் ஊறுபட்டுக் கனவையே இழந்தவர்களை ஆராய்ந்து எழுதினார். அவர்களுக்கு மூளைத்தண்டு நலமாக இருந்தது, ரெம் உறக்கமும் இருந்தது. முன்மூளையின் குறிப்பிட்ட சில இடங்கள் மட்டும் கெட்டிருந்தன, கனவு நின்றுபோயிருந்தது. விளக்கு எரிகிறது, படம் மட்டும் ஓடவில்லை. ரெம் உறக்கத்தையும் கனவையும் ஒன்றாகக் கட்டியிருந்த முடிச்சு அங்கே அவிழ்ந்தது. மறுபுறம், ஹாப்சனுக்கே 2001-இல் மூளைத்தண்டில் பக்கவாதம் ஏற்பட்டு, ஒரு மாதத்துக்கும் மேல் கனவே வராமல் போனதை அவர் தம்மையே சான்றாக வைத்து எழுதினார். இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். இருபது வயதுப் பிள்ளைகள் மதிய உணவு மணி அடித்த பிறகும் வாதாடிக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அன்ட்டி ரெவோன்சுவோ 2000-இல் முன்வைத்த அச்சுறுத்தல் ஒத்திகைக் கோட்பாடும் அப்படித்தான். ஆபத்தை எதிர்கொள்ளப் பழகிக்கொள்ளும் ஒத்திகைக் களமாகவே கனவு பரிணாமத்தில் உருவானது என்பது அவர் வாதம். பெருந்துயரம் கண்ட குர்திஷ் குழந்தைகளின் கனவுகளில், அமைதியாக வளர்ந்த பின்லாந்துக் குழந்தைகளின் கனவுகளைவிட ஆபத்து மிகுந்திருந்தது என்று அவருடைய குழுவினர் காட்டினார்கள். தென்னாப்பிரிக்காவையும் வேல்ஸையும் ஒப்பிட்ட வேறு ஆய்வாளர்களோ, குற்றங்கள் மலிந்த சூழலில் வாழ்பவர்களின் கனவில்தான் ஆபத்து குறைவாக இருந்தது என்றார்கள். எது சரி? நாள்தோறும் கடலுக்குப் போகும் குடும்பங்களின் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்டால் எவரும் கைப்பேசியைப் பார்ப்பதில்லை. விழித்திருக்கும்போது மனத்தை அழுத்துவதே கனவிலும் தொடர்கிறது என்ற தொடர்ச்சிக் கோட்பாட்டைச் சோதிக்க, இயற்கையே அமைத்துத் தந்ததுபோல் எங்களுக்கு ஒரு வாய்ப்பும் உண்டு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலம். அந்த நாட்களில் வீட்டில் பேச்செல்லாம் கடனும் வலை பழுதுபார்ப்பதும். தடை முடிந்த பிறகு பேச்செல்லாம் கடல். கனவிலும் அந்த மாற்றம் தெரிகிறதா என்று பார்க்க ஒரு குறிப்பேடும் பொறுமையும் போதும்.

எண்ணும் முறையும் தயாராக இருக்கிறது. கால்வின் ஹாலும் ராபர்ட் வான் டி காசிலும் 1966-இல் வகுத்த முறையில், கனவில் வருவோர், வன்செயல், நட்புச் செயல், தீய நிகழ்வு, நல்ல நிகழ்வு, உணர்ச்சி, இடம் என்று வகை வகையாகப் பிரித்து எண்ணலாம். பொருள் சொல்ல வேண்டியதில்லை, எண்ணினால் போதும். சென்ற ஆண்டு பெயர் நீக்கிய ஒரு கனவை எடுத்துக்கொண்டோம்: பெரிய அலை ஒன்று வந்து படகைக் கவிழ்க்கிறது. இது தீய நிகழ்வு என்று ஒரு குழு எழுதியது. யாரும் யாரையும் தாக்கவில்லை, அலைக்கு எண்ணம் கிடையாது என்பது அவர்கள் நியாயம். இன்னொரு குழு இதை வன்செயல் என்றது. ஏனென்று கேட்டேன். "கடலம்மாவுக்குக் கோவம்னு கனவு கண்டவரே எழுதியிருக்காரு மிஸ்" என்றார்கள். திரும்பப் பார்த்தால், எழுதியிருந்தது. கடலை ஓர் ஆளாகக் காணும் ஒருவரின் கனவை, கடலை நீராக மட்டும் காண்பவர் எப்படி எண்ணுவது? வகைப்படுத்துவோர் இருவருக்கிடையே உடன்பாடு ஏன் வேண்டும், அதை எப்படிக் கணக்கிடுவது, ஓரிடத்தில் செய்த அளவுகோலை இன்னோரிடத்துக்குக் கொண்டுவரும்போது என்ன நழுவிப் போகிறது என்பதெல்லாம் அந்த ஒரே கனவுக்குள் இருந்தன. அன்றைக்கு அந்த வாதம் முடியவில்லை. எனக்கும் இன்னும் முடியவில்லை.

விடுதிப் பிள்ளைகள் பேசும் அமுக்குவான் பேயைப் பற்றி ஒரு சொல். விழிப்பு வந்தும் கைகால் அசையாமல், நெஞ்சின்மேல் ஏதோ உட்கார்ந்திருப்பதாகத் திகைக்கும் இந்த நிலைக்கு, ரெம் உறக்கத்தில் உடல் தசைகள் தளர்ந்து செயலற்றிருப்பதும், மனம் விழித்த பிறகும் அந்தத் தளர்ச்சி சில நொடிகள் நீடிப்பதுமே காரணம் என்று நாம் கற்பிக்கலாம். மிஷேல் ஜூவே பூனைகளின் மூளைத்தண்டில் ஒரு சிறு பகுதியைச் செயலிழக்கச் செய்து, ரெம் உறக்கத்திலேயே அவை எழுந்து நடப்பதையும் பாய்வதையும் காட்டியது இதற்குப் பொருத்தமான பாடம். ஓதிப் பார்க்கவும் வேப்பிலை அடிக்கவும் அழைத்துச் செல்லப்பட்ட பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு பேராவது இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் பத்து நிமிடம் பாடம் மட்டும் இல்லை, ஆறுதலும்கூட.

இனி நான் மிகவும் தயங்கி எழுதும் பகுதி. தர்கா இருக்கும் ஏர்வாடி எங்களுக்குப் பேருந்தில் போய்வரும் தூரம். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பற்றி, சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்ததை உளவியல் படிக்கும் ஒவ்வொருவரும் அறிவர். சங்கிலியில் கட்டுவதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தன் 95-ஆம் பிரிவில் தடை செய்திருப்பதும் பாடத்தில் உண்டு. பாடத்தில் இல்லாதது, அங்கே வந்து தங்கும் குடும்பங்கள் எதற்காகக் காத்திருக்கின்றன என்பது. அவர்கள் ஒரு கனவுக்காகக் காத்திருக்கிறார்கள். தர்காவில் அடங்கியிருக்கும் பாதுஷா நாயகம் கனவில் வந்து, நலமாயிற்று, போகலாம் என்று உத்தரவு கொடுத்தால்தான் ஊருக்குத் திரும்புவது என்பது அவர்கள் நம்பிக்கை. வாரமும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். நோயாளிக்கு வராவிட்டாலும் உடன் தங்கியிருக்கும் தாய்க்கு வந்தால் போதும் என்று தன் உறவினர் குடும்பத்தைப் பார்த்துவந்த ஒரு மாணவி சொன்னாள்.

அவள் கேட்ட கேள்வியை இந்த மடலின் மையமாகக் கருதும்படி வேண்டுகிறேன். மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படும் மருந்துகளில் பல, ரெம் உறக்கத்தைக் குறைப்பவை. அவற்றைத் திடீரென்று நிறுத்தினால் அடக்கி வைத்திருந்த ரெம் உறக்கம் பொங்கி எழுந்து, கனவுகள் பெருகித் தெளிவாகவும் கலக்கமாகவும் வரும். இதை உடலியங்கு உளவியல் தாளில் படித்திருந்த அவள், மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே உத்தரவுக்குக் காத்திருக்கும் ஒருவருக்குக் கனவு வரவில்லை என்றால் அந்தக் குடும்பம் என்ன நினைக்கும் என்று கேட்டாள். மாத்திரைதான் உத்தரவைத் தடுக்கிறது என்று நினைத்து நிறுத்திவிட்டால்? நிறுத்திய மூன்றாம் நாள் பெரிய கனவு ஒன்று வந்துவிட்டால்? நோய் தீர்ந்தது என்று மூட்டையைக் கட்டிவிடமாட்டார்களா? அப்படி நடந்தது என்று நான் சொல்லவில்லை. நடக்கக்கூடியது என்று ஓர் இரண்டாம் ஆண்டு மாணவிக்குத் தோன்றியது. பதினொரு ஆண்டுகளாகப் பாடம் நடத்தும் எனக்குத் தோன்றியதில்லை. அந்தக் குடும்பத்தின் முன் உட்காரப்போகும் ஆலோசகர் நம் மாணவர்களுள் ஒருவர்தான். அவர் கனவை மூடநம்பிக்கை என்று தள்ளினால் அவர்கள் எழுந்து போய்விடுவார்கள். ஃப்ராய்டின் அகராதியை விரித்தாலும் எழுந்து போய்விடுவார்கள். உங்கள் உத்தரவுக்கு நான் குறுக்கே நிற்கவில்லை, மாத்திரையை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம், மாத்திரையால் கனவு குறைவது இயல்பு என்று சொல்லத் தெரிந்தவர் முன் அவர்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

ஆகவே தங்களிடம் நான் கேட்பவை இவை. மூன்று மணி நேரப் பகுதியைப் பன்னிரண்டு மணி நேர அலகாக ஆக்குங்கள். இயலாதென்றால் ஆறு மணி நேரமாவது ஆக்குங்கள். கோட்பாட்டாளரின் பெயர்களை வரிசையாக வைக்காமல், ஒவ்வொரு கோட்பாடும் எந்தச் சான்றின்மேல் எழுந்தது, எந்தச் சான்றால் அசைந்தது என்று வையுங்கள். விவரி என்று முடியும் வினாக்களைக் குறைத்து, 191-இல் 152 என்ற எண்களையும் ஃபோல்க்ஸின் கேள்வியையும் கொடுத்து, இவற்றிலிருந்து எந்த முடிவுக்கு வரலாம், எந்த முடிவுக்கு வரக்கூடாது என்று கேளுங்கள். மருந்து, உறக்கம், கனவு மூன்றுக்கும் உள்ள தொடர்பை இந்த அலகுக்குள்ளேயே கொண்டுவாருங்கள்; அது வேறொரு தாளில் தனியே கிடப்பதால்தான் இரண்டையும் இணைத்துப் பார்க்க ஒரு மாணவிக்கு ஏர்வாடிவரை போக வேண்டியிருந்தது.

கனவுக் குறிப்பேட்டைச் செய்முறைப் பகுதியாகச் சேர்க்கலாம் என்பதும் என் வேண்டுகோள். தூக்க ஆய்வகம் இல்லாத எங்களைப் போன்ற கல்லூரிகளுக்கும் எட்டக்கூடிய செய்முறை இது. ஆனால் கைவிடக்கூடாத சில காப்புகள் உண்டு. மதிப்பெண் ஒழுங்காக எழுதியதற்கும் எண்ணிய முறைக்கும் மட்டுமே தரப்பட வேண்டும். கனவில் என்ன வந்தது என்பதற்குத் தரக்கூடாது. எந்தக் கனவையும் காட்டாமல் மடித்துவைக்கும் உரிமை மாணவருக்கு இருக்க வேண்டும். வகுப்பில் எண்ணுவதற்கு எடுப்பவை பெயரும் ஊரும் நீக்கியவையாக இருக்க வேண்டும். இறந்துபோவது பற்றியோ, வீட்டில் நடக்கும் கொடுமை பற்றியோ ஒரு குறிப்பேடு பேசினால், ஆசிரியர் அதற்குப் பொருள் சொல்ல உட்காராமல், அந்தப் பிள்ளையிடம் நேரடியாகப் பேசி ஆலோசகரிடம் சேர்க்கும் வழிமுறை எழுத்தில் இருக்க வேண்டும். ஒரு பிள்ளையின் கனவைப் படித்து அவள் மனத்தைக் கண்டுவிட்டதாக நினைத்துக்கொள்ளும் ஆசிரியர் எவ்வளவு தீங்கு செய்ய முடியும் என்பதை, என் முதல் ஆண்டில் அப்படி ஒரு முறை நினைத்துக்கொண்டவள் என்ற முறையில், நான் அறிவேன். அந்தப் பெண் இரண்டு வாரம் என் வகுப்புக்கு வரவில்லை.

குழு விரும்பினால், மாணவர்களின் ஒப்புதல் பெற்ற, அடையாளம் நீக்கிய குறிப்பேட்டுப் பக்கங்களையும், ஹால், வான் டி காசில் வகைகளுக்கு வகுப்பில் நாங்கள் பயன்படுத்திவரும் தமிழ்ச் சொற்களின் வரைவையும் அனுப்பத் தயாராக இருக்கிறேன். அந்தச் சொற்பட்டியலில் கடலம்மாவுக்கு எதிரே இன்னும் கேள்விக்குறிதான் இருக்கிறது. மதிப்பெண் இழந்த அந்த மாணவி இந்த ஆண்டு இறுதிப் பருவத்தில் இருக்கிறாள். வரைவைப் படியெடுத்துத் தந்தவள் அவள்தான், இம்முறை நடுவே கோடு போடாமல்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
உளவியல் கௌரவ விரிவுரையாளர் ஒருவர்,
இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை.